எங்கள் கல்லியின் நோபிதா

போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து, மான்குர்டு ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து சீத்தா கேம்ப் வந்து சேர மணி எட்டாகிவிட்டது. கல்லிக்குள் திரும்பினால் வாசற்படியில் அக்கா மகன் உட்கார்ந்திருக்கிறான். எட்டு வயது. முழங்கால் இரண்டுக்கும் நடுவில் முகம். "என்னலே, எவனும் அடிச்சானா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினான். தோளில் கை வைத்ததும் உடைந்துவிட்டான். "மாமா, எல்லாவனும் என்னைய நோபிதாங்கான்."

நடந்தது இதுதான். சாயங்காலம் கூட்டாளிகள் நாலைந்து பேர் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து டோரேமான் கார்ட்டூன் பார்த்திருக்கிறார்கள். இறந்துபோன பாட்டியைத் தேடி நோபிதா டைம் மெஷினில் பழைய காலத்துக்குப் போகும் கதை. டோரேமான் பார்த்து வளர்ந்த யாருக்கும் அது மறக்காது. பாட்டி ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்த பழைய கரடி பொம்மை நோபிதா கையில் கிடைக்கும். உடனே பாட்டியைப் பார்த்தே ஆகணும் என்று டைம் மெஷின் இருக்கும் மேஜை இழுப்பறைக்குள் இறங்கிவிடுவான். அங்கே பாட்டி, எதிரில் நிற்கும் இந்தப் பெரிய பையன் யாரென்று கண்டுகொள்வாள். பேரன் ஸ்கூலுக்குப் போவதைப் பார்க்கணும் என்பது அவள் ஆசை. இவன் ஓடிப்போய்ப் புத்தகப் பையை எடுத்து வந்து முதுகில் மாட்டிக் காட்டுவான்.

எங்கள் வீட்டில் ஆச்சி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. எனக்கும் அக்காவுக்கும் அம்மா, இவனுக்கு ஆச்சி. பால்குடி மறந்த நாளிலிருந்து அவள் பக்கத்தில்தான் படுத்துத் தூங்கினான். நோபிதா பையை மாட்டிக்கொண்டு நிற்கும் இடம் வந்ததும் இவன் அழுதிருக்கிறான். சத்தம் போட்டு அழுதிருக்கிறான். கூட இருந்த பயல்கள் முதலில் திகைத்து, பிறகு சிரித்து, "ஏ நோபிதா, ரோ மத்", அழாதே, என்று ஆரம்பித்திருக்கிறார்கள். ராத்திரிக்குள் கல்லி முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

அவனை அழவைத்தது நோபிதா. அழுததற்காகக் கிடைத்த வசவும் நோபிதா. இந்த ஒரு விஷயம் அன்றிலிருந்து என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மும்பையில் வளர்ந்த பிள்ளைகளிடம் 'நோபிதா' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள். கேட்ச் விட்டவன் நோபிதா. கண்ணாடி போட்டவன் நோபிதா. டெஸ்டில் முட்டை வாங்கியவன், அடி வாங்கிவிட்டுத் திருப்பி அடிக்காதவன், அழுதவன், எல்லாரும் நோபிதாதான். 2005 வாக்கில் ஹங்காமா டீவியில் டோரேமான் இந்தி பேச ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பிறந்த ஒரு தலைமுறையே இந்தப் பெயரை இப்படித்தான் கையில் எடுத்திருக்கிறது. 'ஜையான்' என்று யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஊர்ப் பிள்ளைகளை அடித்துப் பொம்மையைப் பிடுங்குகிற ஜையானின் பெயர் வசவாகவில்லை. அடி வாங்குகிறவன் பெயர்தான் வசவாயிற்று.

உண்மையில் நோபிதா யார்? சோம்பேறிதான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டுப்பாடம் செய்யமாட்டான், எதற்கெடுத்தாலும் ரோபோ பூனை டோரேமானிடம் ஓடுவான். தோழி ஷிசுகா குளிக்கிற நேரத்தில் போய் நிற்கிற அந்தக் காட்சிகளை எந்தக் குழந்தைக்கும் காட்டியிருக்கக் கூடாது என்பது என் எண்ணம். வேடிக்கை என்று வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளையின் வெட்கத்தில் என்ன வேடிக்கை? ஆனால் அவனிடம் இன்னொன்றும் இருக்கிறது. விரலில் நூலை மாட்டி விதவிதமாக உருவம் செய்யும் விளையாட்டில் அவனை அடிக்க ஆளில்லை. ஜப்பானில் அதற்கு அயதோரி என்று பெயர். பெண்பிள்ளைகள் விளையாட்டு என்று கதைக்குள்ளேயே அவனைக் கேலி செய்வார்கள். அவன் விடமாட்டான். குறி பார்த்துச் சுடுவதிலும் கெட்டிக்காரன். நூலும் துப்பாக்கியும் ஒரே பையனின் கைக்கு வருகிறது, அதில் அவனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

2014-ல் வந்த 'ஸ்டாண்ட் பை மீ டோரேமான்' படத்தில் ஓர் இடம். வளர்ந்த ஷிசுகாவுக்கும் நோபிதாவுக்கும் மறுநாள் கல்யாணம். அவள் தயங்குகிறாள், அப்பாவை விட்டுப் போக மனசில்லை. அப்போது அவள் அப்பா மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லும் காரணத்தில் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை, பலமும் இல்லை. அடுத்தவன் சந்தோஷமாக இருக்கணும் என்று ஆசைப்படவும் அடுத்தவன் துக்கத்தில் துக்கப்படவும் தெரிந்தவன் என்கிறார். அது போதும் என்கிறார். எங்கள் ஊர்ப்பக்கம் பெண் கேட்டு வந்தவனைப் பற்றி இப்படி ஓர் அப்பா பேசி நான் கேட்டதில்லை. நம் பயல்கள் எதைச் சொல்லித் திட்டுகிறார்களோ, அந்தக் குணத்தைத்தான் அவர் எண்ணிப் பார்த்து மகளைக் கொடுக்கிறார்.

எனக்கு இந்தக் கார்ட்டூன் உலகம் கொஞ்சம் அதிகமாகவே பரிச்சயம். கோவண்டியில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் டிசைன் வேலை. கட்சிப் பேனர், கல்யாணப் பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும். ஆனால் மாதம் முழுக்க விடாமல் வருவது பிள்ளைகளின் பிறந்தநாள் பேனர்தான். நாலுக்கு மூன்று அடி, நான்கு மூலையில் ஐலெட். கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர் இருக்கிறது, நான் சேர்வதற்கு முன்பே யாரோ போட்டது. ஒன்று 'பாய்', ஒன்று 'கேர்ள்'. பாய் ஃபோல்டரில் சோட்டா பீம், லிட்டில் சிங்கம், மோட்டு பத்லு, ஸ்பைடர்மேன். பின்னணி நீலம். கேர்ள் ஃபோல்டரில் பார்பி, எல்சா, மின்னி மவுஸ். பின்னணி ரோஸ். வாடிக்கையாளர் வந்ததும் முதல் கேள்வி, "லட்கா யா லட்கீ?" பெயர்கூட அதற்குப் பிறகுதான்.

ஒருமுறை ஆறு வயதுப் பெண்பிள்ளை அப்பாவோடு வந்தாள். என் திரையில் பீம் படத்தைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்றாள். அது பையன்களுடையது என்றார் அப்பா. சரி, பீம் பக்கத்தில் அவன் தோழி சுட்கியைப் பெரிதாகப் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "சுட்கி லட்டுதான் கொடுப்பா" என்றாள். கடைசியில் பார்பிதான் அடித்தோம். வண்டியில் ஏறும்போது சுருட்டிய பேனரை அவள் தூக்கவில்லை, அப்பாதான் தூக்கிக்கொண்டு போனார்.

அவளாவது கேட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு பையனுக்கு, பெண் பாத்திரம் நடுவில் நிற்கிற பேனரை நான் அடித்ததே இல்லை. ஒன்றுகூட இல்லை. எங்கள் சித்தி மகன் சின்ன வயதில் டோரா பைத்தியமாக இருந்தான். 2007-ல் சுட்டி டீவி வந்த புதிது, கேபிள்காரரிடம் சன் குழும சேனல்களுக்குத் தனியாகக் காசு கட்டி எங்கள் வீடுகளில் பார்ப்போம். டோராவும் புஜ்ஜியும் தமிழில் பேசுவார்கள். யாரையும் அடிக்காத பெண், வழி தெரியாவிட்டால் மேப்பைக் கேட்பாள், ஆற்றைக் கடக்க நம்மையே உதவி கேட்பாள். இரண்டாம் வகுப்புக்குப் போனதும் ஒரே வாரத்தில் அவன் டோராவை நிறுத்திவிட்டான். 'பொம்பளப்புள்ள கார்ட்டூன்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பையன்கள் எதை விரும்பக் கூடாது என்று கற்றுக்கொள்ளும் வயது அவ்வளவு சின்னது.

பீமை நான் குறை சொல்ல வரவில்லை. ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் நிறுவனத்தில் ராஜீவ் சிலகா உருவாக்கிய அந்தத் தொடர் 2008-ல் போகோ சேனலில் வந்தபோது, நம் ஊர் வேட்டியும் கோயிலும் மரத்தடியும் பிள்ளைகள் மனசில் ஒட்டின. பீம் நல்லவன், எளியவனுக்குத் துணை நிற்பான். ஆனால் அவன் ஊர் டோலக்பூருக்கு எந்தப் பிரச்சினை வந்தாலும் கடைசியில் தீர்ப்பது குத்துதான். லட்டு சாப்பிட்டதும் வரும் பலம். அந்த லட்டு யார் வீட்டு அடுப்பில் உருண்டது? சுட்கியும் அவள் அம்மா டுன்டுன்னும் செய்தது. 2020 ஜூனில் பீம் சுட்கியை விட்டுவிட்டு இளவரசி இந்துமதியைக் கல்யாணம் செய்துகொண்டதாக ஒரு வதந்தி கிளம்பி, சுட்கிக்கு நியாயம் வேண்டும் என்று ட்விட்டரே அமளிதுமளிப்பட்டது. இவர்கள் எல்லாம் இன்னும் குழந்தைகள், கல்யாணமெல்லாம் நடக்கவில்லை என்று நிறுவனமே அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஊரடங்கு நேரம், நானும் வீட்டில்தான் இருந்தேன், எல்லாவற்றையும் படித்தேன். லட்டு கொடுத்தவளைக் கைவிட்டானே என்று அத்தனை பேருக்கும் கோபம். அவள் ஏன் லட்டு கொடுத்துக்கொண்டே இருக்கிறாள் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவளுக்குக் கல்யாணம்தான் நியாயம் என்று பெரியவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

இதில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது ஒன்று. நம் பழைய வீமனுக்குச் சமைக்கத் தெரியும். விராடன் அரண்மனையில் ஒரு வருஷம் மடைப்பள்ளிக்காரனாக இருந்தவன் அவன். நளபாகம், வீமபாகம் என்று இன்றைக்கும் சமையலுக்குப் பெயர் சொல்கிறோம். அவன் தம்பி அர்ச்சுனன் அதே அரண்மனையில் பிருகன்னளையாகப் பெண்பிள்ளைகளுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுத்தான். அத்தனை பெரிய வீரர்களுக்குக் கரண்டியும் சலங்கையும் இழுக்கில்லை என்று வைத்த கதை நம்முடையது. அதிலிருந்து பீமை எடுத்தவர்கள் கதாயுதத்தின் பலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கரண்டியைச் சுட்கி கையில் கொடுத்துவிட்டார்கள். பீமே லட்டு உருட்டுகிற ஒரு கதையை வாராவாரம் காட்டியிருந்தால், எங்கள் கல்லியில் எத்தனை பயல்கள் அம்மாவிடம் மாவு கேட்டிருப்பார்கள்.

ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு பெண் என்பது எங்கும் நடக்கிறதுதான். கேத்தா பாலிட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1991-ல் இதற்கு 'ஸ்மர்ஃபெட் விதி' என்று பெயர் வைத்தார். நீலநிற ஸ்மர்ஃப்களில் ஒவ்வொருவனுக்கும் ஒரு குணம்: ஒருவன் சோம்பேறி, ஒருவன் அறிவாளி, ஒருவன் சிடுமூஞ்சி. ஒருத்திக்கு மட்டும் குணம் கிடையாது, அவள் பெண் என்பதே அவள் குணம். டோலக்பூரைப் பாருங்கள், டோரேமானின் கூட்டத்தைப் பாருங்கள். ஃபுர்ஃபுரி நகரில் மோட்டு பத்லு பின்னால் ஓடுகிற கும்பலில் அந்த ஒருத்தியும் இல்லை. 2018-ல் வந்த லிட்டில் சிங்கம், பிள்ளையின் உடம்பில் போலீஸ் உடுப்பை மாட்டிவிட்டது. போலீஸ் வண்டி கல்லி முனையில் நின்றால் பெரியவர்களே குரலைத் தாழ்த்தும் இடத்தில் வளர்கிற எங்கள் பயல்கள், அதைப் பார்த்துவிட்டுத் தம்பியின் சட்டையைப் பிடித்து விசாரணை செய்கிறார்கள். ஷின்சானை 2008-ல் மத்திய அரசு நிறுத்திவைத்தது, பிறகு வெட்டி ஒட்டித் திரும்ப வந்தது. ஐந்து வயதுப் பையன் போகிற வருகிற பெரிய பெண்களிடம் வழிவது சிரிப்பு என்று அதில் காட்டினார்கள். எங்கள் கல்லியில் அதைப் பார்த்துவிட்டு அப்படியே பேசிய பொடியனைப் பெரியவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவன் இப்போது பொடியன் இல்லை. யாரும் சிரிப்பதும் இல்லை.

இந்தக் கார்ட்டூன்கள் எங்கள் பிள்ளைகளிடம் இந்தியில்தான் பேசுகின்றன, அதனால் இதையும் சொல்லியாக வேண்டும். மும்பைத் தமிழர்களுக்கு மட்டுமே புரிகிற வலி இது. தமிழில் 'நான் போறேன்' என்று ஆணும் சொல்லலாம் பெண்ணும் சொல்லலாம். இந்தியில் முடியாது. பையன் 'ஜாத்தா ஹூ' என்று சொல்ல வேண்டும், பெண் 'ஜாத்தீ ஹூ' என்று சொல்ல வேண்டும். 'நான்' என்று வாயைத் திறந்தாலே ஆணா பெண்ணா என்று சொல்லிவிட வேண்டும். அக்கா மகன் இந்தி கற்றுக்கொண்டதே தன் அக்கா பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசுவதைக் கேட்டுத்தான். அதனால் முதல் வகுப்பில் போய் "மைன் ஆத்தீ ஹூ" என்றான். வகுப்பே சிரித்தது. ஒரு வாரம் அவன் அங்கே வாயே திறக்கவில்லை. எங்கள் அம்மாவோ ஐம்பது வருஷம் இந்த ஊரில் இருந்தும் காய்காரனிடம் "மைன் ஜாத்தா" என்றுதான் கடைசிவரை சொன்னாள். யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. பெண் ஆணாகப் பேசினால் பாஷை தெரியாதவள். பையன் பெண்ணாகப் பேசினால் மானம் போய்விடுகிறது.

கார்ட்டூன் பேசுகிற இந்தியிலும் இதேதான். மரம் பேசினாலும் கார் பேசினாலும் அது ஆணா பெண்ணா என்று முதல் வாக்கியத்திலேயே முடிவாகிவிடும். ஒரு நாள் ராத்திரி அவனிடம் கேட்டேன், "டோரேமான் ரோபோ பூனைதானலே, அது எப்படி ஆம்பள?" அவன் சொன்னான், "பேசுறதுலயே தெரியுமே மாமா."

அப்போதுதான் அவனுக்கு அந்த விஷயத்தைச் சொன்னேன். டோரேமானுக்கு ஜப்பானில் குரல் கொடுத்தது பெண். 1979-லிருந்து 2005 வரை நோபுயோ ஓயாமா, அதன் பிறகு வசாபி மிசுதா. ஓயாமாவைச் சின்ன வயதில், குரல் தடித்துக் கரகரவென்று இருக்கிறது, பெண் குரலே இல்லை என்று பள்ளியில் கேலி செய்திருக்கிறார்கள். அந்தக் குரல்தான் 26 வருஷம் டோரேமான். 2024-ல் காலமானார். நோபிதாவின் குரலும் பெண், அதே வருஷங்களில் நோரிகோ ஓஹாரா. ஷின்சான் பெண் குரல். டிராகன் பால் கோகுவுக்கு மசாகோ நோசாவா. நருத்தோவுக்கு ஜுன்கோ தாகேயுச்சி. ஒன் பீஸ் லூஃபிக்கு மயூமி தனாகா. இந்தியில் டோரேமானுக்கும் சோட்டா பீமுக்கும் குரல் கொடுத்த சோனல் கௌஷல் பெண்தான்.

அவன் நம்பவில்லை. போனில் வீடியோ போட்டுக் காட்டினேன். ஒலிப்பதிவு அறையில் மைக் முன்னால் ஒரு பெண் நின்று பீமாகக் கத்துவதைப் பார்த்தான். மறுபடி போடச் சொன்னான். மறுபடி. மூன்றாம் முறை பார்த்துவிட்டு, "அப்போ பீமும் ஜாத்தீ ஹூ தானா?" என்று கேட்டான். ஆச்சி போன பிறகு அவன் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து நான் பார்க்கவில்லை. ஆம்பளக் குரல் என்று பையன்கள் நகல் எடுத்துக்கொண்டு கல்லியில் மார்தட்டுவது எல்லாம் பெண்கள் தொண்டையிலிருந்து வந்தது. இது எல்லாப் பையனுக்கும் தெரிய வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

பையன் எப்படி இருக்கலாம் என்று வேறுவிதமாக வரைந்து காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. ஒருவர் இந்த ஊரிலேயே இருந்தார். ராம் மோகன். 1956-ல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்து, இந்திய அனிமேஷனுக்கே தகப்பன் என்று பெயர் வாங்கியவர். 2014-ல் பத்மஸ்ரீ, 2019-ல் காலமானார். தெற்காசியப் பெண்குழந்தைகளுக்காக யுனிசெஃப் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்த 'மீனா' தொடரில் அவருக்கும் அவர் ஸ்டூடியோவுக்கும் பெரும் பங்கு. மீனா, அவள் தம்பி ராஜு, மிட்டு என்று ஒரு கிளி. அதில் மாம்பழம் பங்கிடுகிற கதை ஒன்று உண்டு. பழத்தில் பெரிய பங்கு ராஜுவுக்கு, சின்னது மீனாவுக்கு. சாப்பாட்டிலும் அப்படியே. சரி, ஒரு நாள் வேலையை மாற்றிக்கொள்வோம் என்று இருவரும் முடிவு செய்கிறார்கள். அவள் வேலையை அவன் செய்கிறான், அவள் பங்கு அவனுக்கு வருகிறது. ராத்திரிக்குள் ராஜுவுக்கு உடம்பே சொல்லிவிடுகிறது.

மீனாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மீனாவைத்தான் பேசுவார்கள். எனக்கு அதில் பிடித்தவன் ராஜு. அவன் வில்லன் இல்லை. அக்காவிடம் பிரியமான பையன். பெரிய பங்கு தன் தட்டில் விழுவதை அதுவரை கவனிக்காதவன், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு எனக்கு, வால் அக்காவுக்கு என்றுதான் இருந்தது. முப்பது வயதுக்கு மேல்தான் எனக்கு அது உறைத்தது. ராஜு ஒரே நாளில் கண்டுபிடித்ததைக் கண்டுபிடிக்க எனக்கு அவ்வளவு வருஷம் ஆயிற்று. மீனாவை இப்போது எங்கள் பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. நான் யூடியூபில் தேடிப் போட்டேன். படம் பழசு, நிறம் மங்கல். அக்கா மகளும் மகனும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். முடிந்ததும் அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் ஒன்றும் பேசவில்லை, எழுந்துபோய்க் காலி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான். குடம் பெரிது, பாதி தண்ணீர்தான் வீடு வந்தது. அவள் சிரிக்கவில்லை, அதை நான் பார்த்தேன்.

இன்னொரு படத்தையும் சொல்ல வேண்டும். பிரேசிலில் இளைஞர்களோடு வேலை செய்த ப்ரொமுண்டோ போன்ற அமைப்புகள் சேர்ந்து எடுத்த கார்ட்டூன், பேச்சே கிடையாது. ஒரு பையன் பிறந்து வளர்ந்து வாலிபனாகும் கதை. ஆம்பளப் பிள்ளை இப்படித்தான் இருக்கணும் என்று ஊர் சொல்வதையெல்லாம் அதில் ஒரு பென்சில் செய்கிறது. வந்து வந்து அவன் வாழ்க்கையைத் திருத்தி வரைந்துவிட்டுப் போகும். அந்த அமைப்புகளின் பாடத்திட்டத்தை வைத்துத்தான் 2005-06 வாக்கில் மும்பைக் குடிசைப் பகுதி இளைஞர்களுக்கு 'யாரி தோஸ்தி' என்ற பயிற்சி வந்தது. அதை இங்கே நடத்தியதில் எங்கள் செம்பூரின் கோரோ அமைப்பும் உண்டு. பிறகு 2008-லிருந்து மாநகராட்சிப் பள்ளிகளில் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஆண் பெண் சமத்துவம் பற்றிப் பேசும் 'ஜெம்ஸ்' திட்டம். கோரோவோடு தேவ்னார் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் அதில் இருந்தது. எல்லாம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். நல்ல வேலை. ஆனால் ஆறாம் வகுப்பு என்றால் பதினோரு வயது. பென்சில் அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடுகிறது. என் அக்கா மகனுக்கு எட்டு வயதில் வந்துவிட்டது. அந்தப் பென்சிலைக் கையில் பிடித்திருந்தது பெரியவர்கள் இல்லை, அவனோடு கோலி விளையாடுகிற நாலு பயல்கள்.

ஆச்சி அவனுக்குச் சொன்ன கதைகளில் யாரும் யாரையும் அடித்ததில்லை. அவள் கல்யாணமாகி வந்து இறங்கியது ஜனதா காலனியில். அணுசக்தி மையத்துக்கு நிலம் வேண்டும் என்று 1976 மே மாதம், எமர்ஜென்சி நேரத்தில், அந்தக் காலனியையே இடித்து, சுமார் 70,000 பேரை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அதுதான் சீத்தா கேம்ப். சேறும் சகதியுமான இடத்தில் மூங்கில் நட்டு முதல் சாக்கைக் கட்டியது தான்தான், தாத்தா வேலைக்குப் போய்விட்டார் என்று ஆச்சி சொல்வாள். அவனுக்கு ரொம்பப் பிடித்தது, குடிசைவாசிகளின் தலைவர் ஜோக்கின் அற்புதம் கதை. ஜனதா காலனியில் மாநகராட்சி குப்பை அள்ளாமல் விட்டபோது, ஜோக்கின் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைக் கையில் கொடுத்து, பிக்னிக் மாதிரி கூட்டிக்கொண்டு போய் அதிகாரிகள் வாசலிலேயே கொட்ட வைத்தார். பெண்பிள்ளை, ஆம்பளப்பிள்ளை, கண்ணாடி போட்டது, அழுமூஞ்சி எல்லாம் வரிசையில் நின்றது என்பாள் ஆச்சி. அவள் கண்ணால் பார்த்ததில்லை, அவள் வருவதற்கு முன்னால் நடந்தது. ஆனால் பார்த்த மாதிரி சொல்வாள். "மாமா, இத ஏன் யாரும் கார்ட்டூனா எடுக்கல?" என்று அவன் ஒருமுறை கேட்டான்.

இந்த மாதம் அவனுக்கு ஒன்பது வயது. பேனரில் என்னலே போடணும் என்று கேட்டேன். எப்போதும் பீம் என்பான். இந்தமுறை கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "நோபிதாவும் அவன் பாட்டியும்" என்றான். "வேற?" "பாட்டி கையில நூல்."

அப்படி ஒரு படம் எங்கும் கிடைக்கவில்லை. பாய் ஃபோல்டரிலும் இல்லை, நெட்டிலும் இல்லை. கடை மூடிய பிறகு கோரல் டிராவில் நானே வரைந்தேன், மூன்று ராத்திரி. நூலைச் சரியாக வரைய வரவில்லை. அக்கா மகள் என் விரலில் தையல் நூலை மாட்டி, அவள் விரலால் எடுத்து, பிரித்து, கட்டில் மாதிரி, விளக்கு மாதிரி எல்லாம் செய்து காட்டினாள். போட்டோ எடுத்து வைத்து வரைந்தேன். பாட்டிக்கு எங்கள் அம்மாவின் கண்டாங்கியைக் கட்டிவிட்டேன். பின்னணிக்கு நீலமும் போடவில்லை, ரோஸும் போடவில்லை, மஞ்சள்.

பிறந்தநாளன்று அந்த நாலு பயல்களும் வந்தார்கள். கேக் வரும்வரை பேனர் முன்னால் நின்றார்கள். ஒருவன் பாட்டி புடவையைக் காட்டி, "ஏ கோன் ஹை?" என்றான். "மேரீ ஆச்சி" என்றான் இவன். அந்தப் பயலுக்கும் ஊரில் ஒரு தாதி, அப்பாவைப் பெற்ற பாட்டி, இருக்கிறாளாம், ஈதுக்குப் போனபோது பார்த்தானாம், அதைச் சொல்ல ஆரம்பித்தான்.

மழை தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் எந்தப் பேனரும் வீணாவதில்லை, மழைக்காலம் வந்தால் மாடி பத்ராவுக்கு, அதாவது தகரக் கூரைக்கு, அடியில் ஒழுகாமல் கட்டிவிடுவோம். படம் மேல்பக்கம், வெள்ளை கீழ்ப்பக்கம் என்பதுதான் வழக்கம். நேற்று அத்தான் ஏணியில் ஏறி இதைக் கட்டும்போது அவன் கீழே நின்று, திருப்பிக் கட்டுங்க, திருப்பிக் கட்டுங்க என்று கத்தினான். வழக்கம் அப்படி இல்லை என்று அத்தான் சொல்லிப் பார்த்தார், பிறகு திருப்பிக் கட்டினார். இப்போது அவன் பாயில் மல்லாந்து படுத்தால் நேர் மேலே மஞ்சளில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் நூல்.